ஆத்தா வந்து தங்கிய பதினேழு நாள்

வெள்ளைக்காரன் போய் இரண்டு வருஷம் இருக்கும். எனக்கு ஏழு வயசு. ராயபுரத்தில் ஒரே அறை வீடு. நைனா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்.

மூன்று வயசுத் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் முகத்தில் முத்து போட்டது. பெரியம்மை. எங்கள் பக்கம் அதை நோய் என்று சொல்ல மாட்டோம். ஆத்தா வந்திருக்கிறாள் என்போம். அம்மா வாசலில் வேப்பிலை கட்டினாள். மீன் நின்றது. தாளிப்பு நின்றது. ஆத்தா இருக்கிற வீட்டில் சத்தம் கூடாது, சண்டை கூடாது, அழக் கூடாது.

இதில் கஷ்டப்பட்டது நைனாதான். அவருக்கு மெதுவாகப் பேச வராது. தெருமுனையில் அவர் வரும்போதே குரல் வீட்டுக்கு வந்துவிடும். சோறு குழைந்தால் கத்துவார். குழையாவிட்டாலும் கத்துவார். தட்டு பறக்கும். இப்போது வாசலிலேயே கால் கழுவி, பூனை மாதிரி உள்ளே வந்தார்.

"ஆத்தா இன்னா பண்றா?" என்று கேட்டார். தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்கவில்லை.

"குந்திகினு கீறா," என்றாள் அம்மா.

பக்கத்து வீட்டு அத்தை தெருவில் நின்றபடியே, "இன்னா அண்ணாத்தே, இவ்ளோ நாளா இந்தக் கொரல எங்க வெச்சிருந்த?" என்றாள். வேறு நாளாக இருந்தால் தெருவே கூடியிருக்கும். நைனா தலையைக் குனிந்துகொண்டு போனார்.

எனக்கு ஆத்தாவை ரொம்பப் பிடித்துவிட்டது. நைனா மடியில் நான் உட்கார்ந்தது அந்த நாட்களில்தான்.

ஒன்பதாம் நாள் தம்பி கண் திறக்கவில்லை. இமை ஒட்டிப்போனது. மோர் ஊற்றினால் கடைவாயில் வழிந்தது. அத்தை எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி, கல்லு மாரி குந்திகினு கீற? பெத்தவதானா நீ?"

"வந்தவ எதிர்ல அழுவாங்களாக்கா? அவ பாத்துக்குவா," என்று அம்மா வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டே இருந்தாள்.

நைனா எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

"குந்துய்யா. உன்னால ஆவறது ஒண்ணும் இல்ல. அவகிட்ட வுட்டுடு," என்றாள் அம்மா.

நைனா சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். உதடு மட்டும் அசைந்தது. போகப்போக அதுவும் நின்றது. அன்று வேலைக்குப் போகவில்லை. தூங்கவும் இல்லை. ஒரு பெரிய மனுஷன் அவ்வளவு நேரம் சும்மா இருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வெயில் சாயும்போது தம்பிக்கு ஒரு வாய் மோர் உள்ளே இறங்கியது.

பிறகு முத்து வாடியது. பொருக்கு உதிர்ந்தது. பதினேழாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்ற, அம்மா மஞ்சளும் வேப்பிலையும் போட்ட பானையை வெயிலில் வைத்தாள். தண்ணீர் ஊற்றினால் ஆத்தா இறங்கிப் போய்விடுவாள் என்றாள்.

எனக்குத் துக்கமாக இருந்தது. பானை எதிரில் போய்க் கை கூப்பினேன்.

"தாயி, போவாத. தம்பி மேலயே இன்னும் பத்து நாளு இரு. நீ போய்ட்டா நைனா திரும்பக் கத்தும்."

பின்னாலிருந்து ஒரு கை என் வாயைப் பொத்தியது. அம்மா. சில்லிட்ட கை. என் பல்லில் இடிக்கிற அளவுக்கு நடுங்கியது. அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் என்னையும் இழுத்துக்கொண்டு தரையில் விழுந்தாள்.

"கொயந்த, தெரியாம சொல்லிடுச்சி தாயி. மனசுல வெச்சிக்காத. நீ குளுந்து போ."

இரண்டு மூன்று தரம் சொன்னாள். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு தம்பிக்குத் தண்ணீர் ஊற்றினாள். அவன் வீறிட்டு அழுதான். அழுகை வீட்டுக்குள் கேட்கக் கூடாது என்று நைனா அவனைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்.

நான் ஈரத் தரையில் நின்று அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதற்கு இப்படி நடுங்குகிறாள்? அத்தனை நாளும் எங்கள் வீட்டில் யாருக்கும் பயமே இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.