மூன்று கல்லும் ஒரு மிளகாயும்

செய்தியில் கொரியத் தலைவர் யாராவது வந்தால் போதும், கைவேலையைப் போட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். "அம்மாவோட சம்பந்தி வந்துட்டாருலா" என்று என் மகள் கேலி செய்வாள். செய்துவிட்டுப் போகட்டும். ஒரு பக்கம் அமெரிக்கா கை நீட்டும், மறுபக்கம் சீனா கை நீட்டும். அந்த மனிதர் இரண்டு கையையும் குலுக்கிவிட்டு, பழைய பகை எதுவும் இல்லாததுபோல் ஜப்பான்காரருக்கும் ஒரு வணக்கம் சொல்வார். உலகம் மாறுகிறது, பெரிய நாடுகள் முறைத்துக்கொள்கின்றன, நடுவில் கொரியா யார் பக்கம் நிற்கும் என்று கோட்டு போட்டவர்கள் அரை மணி நேரம் பேசுவார்கள். அதில் பாதி எனக்கு விளங்காது. நான் பார்ப்பது அந்த மனிதரின் முகத்தை. எல்லாரிடமும் சிரித்தாக வேண்டியவனின் சிரிப்பு அது. அதை நான் முதலில் பார்த்தது மலாயாவில், கோலா பிலாவிலிருந்து பகாவ் போகிற ரோட்டோரம், எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்.

அது ஜப்பான்காரன் காலம். எனக்குக் கல்யாணமாகிச் சில மாதம்தான் ஆகியிருந்தது. காரில் ஏறிப்போன வெள்ளைக்காரத் துரை திரும்பி வரவில்லை. ரப்பர் வாங்க ஆளில்லாமல், பால் மரங்களுக்கு நடுவே மரவள்ளி நட்டுப் பிழைத்தோம். அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம், உப்பு அதைவிட அபூர்வம். எனக்கும் என் மாமியாருக்கும் சேர்த்து நல்ல சேலை ஒன்றுதான். அவர் அதைக் கட்டிக்கொண்டு வெளியே போனால் நான் சாக்குத்துணியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் இருப்பேன்.

இப்படிப்பட்ட காலத்தை நினைத்து ஏங்குகிறேன் என்றால் என்னை அடிக்க வருவார்கள். ஆனாலும் ஏங்கத்தான் செய்கிறேன். வேலை முடிந்து வந்ததும் என் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து பால் வெட்டும் கத்தியைத் தீட்டுவார். கூடவே சீட்டியும் அடிப்பார். கிழங்கு வேகிற வாசனை வரும். "சீட்டியடிச்சா பாம்பு வரும்டா!" என்று மாமியார் உள்ளேயிருந்து கத்துவார். அவர் இன்னும் பலமாகச் சீட்டியடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். எனக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வரும். அந்தச் சீட்டிச் சத்தத்தை ஒரே ஒரு முறை மறுபடி கேட்க முடிந்தால் என் வளையல்களைக் கழற்றிக் கொடுத்துவிடுவேன்.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது மாமியார் எங்கள் இருவரையும் கிழக்கே பார்க்க உட்காரவைத்துச் சுற்றிப்போடுவார். புதுசாகக் கல்யாணமானவர்கள் மேல் ஊர்க்கண்ணெல்லாம் இருக்கும் என்பது அவர் கட்சி. உப்பில்லாததால் காய்ந்த மிளகாயும் காலடி மண்ணும் மட்டும். தலையைச் சுற்றி அடுப்பில் போட்டால் நெடி ஏறி இருமல் வர வேண்டும். வந்தால் கண் இல்லை. நெடி வராவிட்டால் கண் பலமாகப் பட்டிருக்கிறது என்று அர்த்தம், அடுத்த வெள்ளிக்கும் உண்டு.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, மிளகாயை உள்ளங்கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வாசலில் ஒரு சிப்பாய். ரோட்டுமுனையில் இருந்த ரப்பர் ஸ்டோரில் இப்போது பட்டாளத்துச் சாமான்கள் இருந்தன. அதற்குக் காவலாக அந்த வாரம்தான் வந்திருந்தான். நாங்கள் பதறி எழுந்து இடுப்பு வளையக் குனிந்தோம். அவன் எங்களைப் பார்க்கவே இல்லை. மாமியார் கையைத்தான் பார்த்தான். விறுவிறுவென்று உள்ளே வந்து, அடுப்பில் விழ இருந்த மிளகாயை எடுத்து வாயில் போட்டுக் கடித்தான். கண்ணில் தண்ணீர் வழிய, சின்னப் பிள்ளைபோல் சிரித்தான்.

மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயையோ, அத திங்கக் கூடாதுடா தம்பி! எம் புள்ள கண்ணெல்லாம் அதுலல்ல இருக்கு!"

அவனுக்கு என்ன புரியும். இன்னொன்று கிடைக்குமா என்று கையை நீட்டினான்.

அவன் போன பிறகு மாமியார் சொன்னார்: "அடியே, இவன் ஜப்பான்காரன் இல்ல. அவனுங்க நம்ம கறிய வாயில வச்சா துப்பிருவானுங்க. இது வேற எதோ சாதி."

அதன்பிறகு அடிக்கடி வந்தான். மாமியார் பூண்டும் மிளகாயும் வைத்து அரைத்த துவையலை அவித்த கிழங்கோடு கொடுப்பார். மூக்கை உறிஞ்சி உறிஞ்சித் தின்பான். எங்கள் மலாயும் நொண்டி, அவன் மலாய் அதைவிட நொண்டி. ஆனாலும் பேச்சு நடந்தது. ஒரு நாள் நீ எந்த ஊர் என்று மாமியார் கேட்டார். அவன் முற்றத்தில் குந்தி மூன்று பெரிய கல்லைப் பொறுக்கி வைத்தான். இது நிப்போன், இது சீனா, இது ருஷ்யா. மூன்றுக்கும் நடுவில் ஒரு மிளகாயை வைத்தான். அதுதான் அவன் ஊர், கொரியா.

"ஓராங் பெசார் காடோ, சாயா ஹாபிஸ்" என்றான். பெரியவங்க சண்டை போட்டா நான் தீர்ந்தேன் என்று அர்த்தம். அவர்கள் நாட்டை ஜப்பான்காரன் எப்போதோ பிடித்துக்கொண்டானாம். பிறகு இவனையும் பிடித்து, இந்தச் சட்டையை மாட்டி, இங்கே அனுப்பிவிட்டானாம். மிளகாயின் நட்டநடுவில் விரலை வைத்து, "மாக் சாயா சினி" என்றான். என் அம்மா இங்கே இருக்கிறாள்.

மாமியார் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "நம்ம கததான்லா இவனுக்கும். தொர போனான், ஜப்பான்காரன் வந்தான், நாளைக்கு எவன் வருவானோ. நம்ம பாட்டுக்குக் குனிஞ்சிகிட்டே இருக்க வேண்டியதுதான்."

மேலதிகாரியின் கார் ரோட்டில் திரும்பினால் போதும், அவன் முகம் மாறிவிடும். எழுந்து விறைத்து நின்று எங்களைப் பார்த்துக் கத்துவான். நாங்களும் குனிவோம். கார் போனதும் அந்தச் சிரிப்பைச் சிரித்துவிட்டு, மிச்சக் கிழங்கைத் தின்ன உட்கார்ந்துவிடுவான். என் வீட்டுக்காரர் அவனைப்போலவே கத்திக்காட்டுவார், அவனும் விழுந்து விழுந்து சிரிப்பான்.

சயாமில் ரயில் போடுகிறார்கள், நல்ல சம்பளம், அரிசிச் சோறு என்று பேச்சு வந்தது அப்போதுதான். முதலில் போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. அதன்பிறகு யாரும் தானாகப் போகவில்லை. ஒரு நாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பிரித்துவிட எல்லாரும் வரிசையாக நிற்கும்போது, லாரி வந்து நின்றது. அதிகாரி இறங்கி, வரிசையில் நடந்தபடி வாலிபப் பையன்களைக் கம்பால் தொட்டுக்கொண்டே போனார். தொட்டவர்கள் லாரியில் ஏற வேண்டும். என் வீட்டுக்காரரைத் தொட்டார்.

மாமியார் என் கையைப் பிடித்திருந்தார், யாருக்கு யார் துணை என்று தெரியவில்லை. லாரி புறப்படுகிற நேரத்தில் அந்தக் கொரியாக்காரன் ஓடிவந்தான். என் வீட்டுக்காரரைச் சட்டையோடு பிடித்துக் கீழே இழுத்தான். மாற்றி மாற்றி அறைந்தான். கீழே விழுந்தவரைப் பூட்ஸ் காலால் உதைத்தான். என்னவோ கத்திக்கொண்டே ஸ்டோருக்கு இழுத்துப் போய், கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து கதவைப் பூட்டினான்.

மாமியார் என் கையை உதறினார். குனிந்து இரண்டு கை நிறைய மண்ணை வாரி அவன் மேல் தூற்றினார். "என் கையால தின்ன நாயே! பெத்தவ மொகத்துல நீ முழிக்கவே மாட்டடா! நீ வீடு போய்ச் சேர மாட்டடா!"

மண் அவன் தலையிலும் தோளிலும் விழுந்தது. அவன் தட்டிவிடக்கூட இல்லை. அதிகாரியிடம் போய் விறைத்து நின்றான். அதிகாரிக்கு ஆள் குறைந்த கோபம். எங்கள் எல்லார் முன்னாலும் அவனை அறைந்தார். தொப்பி விழுந்தது. எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி நின்றான், மறுபடி அறைந்தார். பிறகு லாரியைக் காட்டினார். அவன் சாவியைக் கிராணி கையில் கொடுத்துவிட்டு, துப்பாக்கியோடு லாரியில் ஏறிக்கொண்டான்.

ஆபீஸ் கணக்குப் பார்க்கும் கிராணிக்குக் கொஞ்சம் ஜப்பான் பாஷை தெரியும். லாரி போனதும் மெல்ல வந்து சொன்னார்: "அந்தக் கொரியாக்காரன் அதிகாரிகிட்ட, இவன் ஸ்டோர்ல திருடுனான், நானே விசாரிச்சு நானே தண்டனை குடுக்கணும்னு சொன்னான்மா. உம் மவன் எங்க எதத் திருடுனான்? அத்தனையும் பொய்."

கதவைத் திறந்தோம். என் வீட்டுக்காரர் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். உதடு கிழிந்து கன்னம் வீங்கியிருந்தது. கையில் இலையில் மடித்த உப்பு. "வெளிய அந்த அடி அடிச்சவன், உள்ள வந்ததும் என் காதுல, டூடோக் டியாம், சத்தம் போடாம ஒக்காருன்னான்லா ஆத்தா. அம்மாகிட்ட குடுன்னு இதக் கையில வச்சான்."

மாமியார் உப்பை வாங்கவில்லை. ரோட்டைப் பார்த்து ஓடினார். அந்த வயதில் அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. ரோட்டுமுனையில் லாரியின் புழுதிகூட அடங்கியிருந்தது. "தெரியாமச் சொல்லிட்டேன்டா தம்பி! தெரியாமச் சொல்லிட்டேன்டா!" என்று வெறும் ரோட்டைப் பார்த்துக் கத்தினார். நான்தான் பிடித்து அழைத்து வந்தேன்.

அந்த லாரியில் போன எங்கள் தோட்டத்துப் பையன்களில் திரும்பி வந்தவர்கள் மிகக் குறைவு. எனக்கு என் வீட்டுக்காரர் கிடைத்தார். கிழவராகும்வரை கூட இருந்தார், பிள்ளைகளைத் தோளில் தூக்கினார், கடைசிவரை சீட்டியடித்தார். அந்தச் சந்தோஷத்தை நான் ஒரு நாளும் முழுதாகத் தின்னவில்லை. பக்கத்து வீடுகளில் அழுதுகொண்டிருந்தார்கள்.

மாமியார் மட்டும் தன் கணக்கைத் தானே போட்டுக்கொண்டார். "எம் மவன் கண்ண அவன் தின்னான். அது பத்தாதுன்னு நான் மண்ண வாரித் தூத்தினேன்." வெள்ளிதோறும் ரோட்டைப் பார்த்து நின்று, அவன் கொடுத்த உப்பில் ஒரு சிட்டிகையும் மிளகாயும் எடுத்து, ஆளில்லாத இடத்தைச் சுற்றி அடுப்பில் போடுவார். மூக்கை நீட்டி நிற்பார். நெடி வராது. "இன்னும் போய்ச் சேரல" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போவார்.

ஜப்பான்காரன் தோற்றுப் போய், வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு ஒரு வெள்ளியில் நெடி கிளம்பியது பாருங்கள், லயம் முழுக்க இருமியது. எல்லாரும் திட்டினார்கள். அன்று வெயிலில் மிளகாய் நன்றாகக் காய்ந்திருந்தது, அது எனக்குத் தெரியும். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "சேந்துட்டான்டி. அவன் ஆத்தாகிட்ட போய்ச் சேந்துட்டான்." அதோடு அவனுக்குச் சுற்றிப்போடுவதை நிறுத்தினார். நாங்கள் நிம்மதியாக இருந்த வருடங்கள் அவை.

பிறகு ஒரு நாள் கடைத்தெருவுக்குப் போன என் வீட்டுக்காரர் ரேடியோவில் கேட்ட சேதியோடு வந்தார். கொரியாவில் சண்டையாம். ஜப்பான்காரன் தோற்றதுமே நாட்டைக் குறுக்கே இரண்டாகப் பிரித்துவிட்டார்களாம். மேல்பாதியை ருஷ்யாக்காரன், கீழ்ப்பாதியை அமெரிக்காக்காரன். ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்கு யாரும் போக முடியாதாம்.

மாமியார் முறத்தைக் கீழே வைத்தார். "எந்த எடத்துலடா பிரிச்சானுங்க?"

"நடுவுலதான் ஆத்தா."

மிளகாயின் நட்டநடுவில் அவன் வைத்த அந்த விரல் எங்கள் மூன்று பேருக்கும் ஞாபகம் வந்தது. அன்று வெள்ளிக்கிழமைகூட இல்லை. மாமியார் எழுந்து போய் அடுப்பை ஊதிவிட்டு, மிளகாய் டப்பாவைத் திறந்தார்.