ராகு காலம் முடிந்ததும் கிளம்பிய லாரிகள்

பிள்ளைகளே, பஸ் நெரிசலில் நின்றால் அப்பா தனக்குள் முணுமுணுத்து எதையோ எண்ண ஆரம்பித்துவிடுகிறார் என்று கேலி செய்கிறீர்கள். அந்தப் பழக்கம் எங்கே ஒட்டியது என்று எழுதி வைக்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு லாரி ஓட்டினேன். தீபாவளி சீசனில் வெள்ளிக்கிழமைதோறும் விருதுநகர் ஸ்டேஷனில் எங்களுக்கு ஒரு சரக்கு ரயில் வேகன் நிற்கும். நாலு மணிக்குள் சரக்கு ஏறவேண்டும். நாலு அடித்தால் பூட்டி சீல் வைத்துவிடுவார்கள். ஒரு வெள்ளி அதைக் கோட்டை விட்டேன். "இன்னைக்கும் வேகன விட்டேன்னா, சாவிய ஆணியில மாட்டிட்டு வீட்டுக்குப் போயிரு" என்று அடுத்த வெள்ளி காலையிலேயே முதலாளி சொல்லிவிட்டார்.

அன்று லோடு ஏற்றிக் கயிறு கட்டி முடித்தபோது மணி பத்தே முக்கால். ரோடு காலி. ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம். அந்த நேரத்தில் எந்தக் கம்பெனியும் லோடை வாசல் தாண்ட விடாது. எங்கள் கணக்குப்பிள்ளை கேட்டை மறித்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணாச்சி, நான் வேதக்காரன், இயேசு சாமியக் கும்பிடுறவன். எனக்கு ராகுவும் இல்ல, கேதுவும் இல்ல. விடுங்க."

"உமக்கு இல்லைய்யா. சரக்குக்கு இருக்குல்லா? உள்ள இருக்கது வெடி. உம்ம வேதத்தச் சொன்னா அது கேக்குமா?"

ஆபீஸ் சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. எல்லாக் கம்பெனி கேட்டும் ஒன்றாகத் திறந்தது. லாரிகள், மாட்டு வண்டிகள், தலைக்கு மேல் கட்டு வைத்த சைக்கிள்கள். ஒன்றரை மணி நேரம் அடைத்து வைத்ததெல்லாம் ஒரே ரோட்டில்.

திருத்தங்கல் தாண்டி ஓடையின் மேல் ஒரு குறுகிய பாலம். ஒரு வண்டி போனால் இன்னொன்றுக்கு இடமில்லை. வரிசை நின்றது. வெடி லோடு, பீடி பற்ற வைக்கவும் வழியில்லை. மனம் ஆற ஒரு பரமண்டல ஜெபம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் நாலு வண்டி பாலம் தாண்டியது. அப்போது வண்டிக்கு வண்டி கொஞ்சம் இடைவெளி இருந்தது. பின்னால் வந்தவர்கள் அந்த இடைவெளியில் மூக்கை நுழைத்தார்கள். நானும்தான் நுழைத்தேன். அடுத்த ஜெபத்துக்கு இரண்டு வண்டி. அப்புறம் ஒரு மாட்டு வண்டியின் அச்சு ஒரு லாரியில் மாட்டிக்கொண்டது. மூன்று ஜெபம் சொன்னேன், ஒன்றும் தாண்டவில்லை.

ஹாரனை அழுத்தினேன். முன்னால் இருந்த வண்டிக்காரர் திரும்பினார். "ஏலே டிரைவரு, நீ ஊதுனா என் மாட்டுக்கு ரெக்கை முளைக்குமா? அம்புட்டு அவசரம்னா நீ இறங்கி இழு!"

எட்டாவது வரை படித்த எனக்கு அன்று ஒன்று விளங்கியது. ரோட்டில் வண்டி குறைவாக இருந்தால் வேகமாகப் போகலாம், ஆனால் தாண்டுவது சில வண்டிதான். இன்னும் கொஞ்சம் வண்டி சேர்ந்தால் வேகம் சற்றுக் குறையும். ஆனாலும் தாண்டுவது கூடும். அதற்கு ஓர் எல்லை உண்டு. எல்லை மீறி நெருக்கினால் வேகமும் போச்சு, தாண்டுவதும் போச்சு. விளங்கி என்ன செய்ய? விருதுநகர் சேர்ந்தபோது நாலேகால்.

"சீல் வச்சாச்சு. வெடிய இங்கன எறக்கவும் விடமாட்டாக. திருப்பிக் கொண்டு போங்க" என்றார் கூட்ஸ் ஷெட் குமாஸ்தா.

சீசனில் வேறு டிரைவர் கிடைக்காததால் முதலாளி எனக்கு இன்னொரு வெள்ளி கொடுத்தார். அதுதான் கடைசி என்றார். கணக்குப்பிள்ளையிடம் கெஞ்சினேன். "கம்பெனிக்குக் கம்பெனி பத்து நிமிஷம் விட்டுக் கிளம்பினா எல்லாரும் போய்ச் சேரலாம் அண்ணாச்சி."

"மத்தவன் முன்னால போவான், நாம வாயப் பாத்துக்கிட்டு நிக்கணுமாக்கும்? நல்லாருக்குய்யா உம்ம ஞாயம்!"

அதற்கு மேல் யாரிடம் சொல்ல?

அடுத்த வெள்ளி காலை ஏழே காலுக்கே கம்பெனிக்குப் போனேன். ஆபீசில் யாரும் இல்லை. கணக்குப்பிள்ளைக்குக் கைக்கடிகாரம் கிடையாது. அந்தச் சுவர்க் கடிகாரம்தான் அவருக்கு வேதம். அது அரை மணி முந்திப் பன்னிரண்டு அடித்தால், மற்ற கம்பெனிகளுக்கு முன்னே எங்கள் கேட் திறக்கும். ஸ்டூலில் ஏறி, பெரிய முள்ளை அரை மணி முன்னே தள்ளினேன். முள் ஏழரையைத் தாண்டும்போது கடிகாரம் ஒருமுறை அடித்தது. வாசலைத் திரும்பிப் பார்த்தேன். யாரும் வரவில்லை. கண்ணாடியில் என் விரல் பதிந்திருந்தது. சட்டை நுனியால் துடைத்துவிட்டு இறங்கினேன்.