நேற்றுத் தண்ணீர்

“பரிச்சையில எழுதினா மார்க்கு போடுவாவ. பருப்பு அதப் பாத்தா வேகும்?” என்று அம்மா கேட்டாள்.

பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரியில் சேரக் காத்திருந்த நாட்கள் அவை. எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். தெருவில் யாருக்குத் தந்தி வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்றது.

அம்மா வீட்டு வாசலில் இட்லி விற்றுக்கொண்டிருந்தாள். அப்பாவின் தறிக்கூலியில் சாப்பாடு நடந்தது. நான் கல்லூரிக்குப் போவதென்றால் இட்லியை நம்பித்தான் போக வேண்டும். அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. தெருக்குழாயில் ஒரு குடம் கிடைத்தால் பெரிது. புறவாசல் கிணறும் வற்றியதால், அதை ஒட்டி ஆழமாகக் குழாய் இறக்கி அடிபம்பு வைத்தோம். தண்ணீர் பளிங்கு மாதிரி வந்தது. முதல் நாள் அம்மா அதைக் கையில் ஏந்திக் கும்பிட்டாள்.

மறுநாள் இட்லி பழுப்பாக வந்தது.

தறிக்குப் போகும் வழியில் வாங்கித் தின்னும் ஒரு அண்ணாச்சி இட்லியைப் பிட்டுப் பார்த்துவிட்டு, “என்ன மைனி, இட்லி காவி கட்டிட்டுச் சாமியாராப் போயிட்டு?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். ஆனால் அடுத்த நாள் பாதி இட்லி மிஞ்சியது. சாம்பாரில் பருப்பு விதை விதையாகக் கிடந்தது.

நான் தைரியமாகத்தான் பேசினேன். தண்ணீரில் கடினத்தன்மை இருக்கிறது, கொதிக்க வைத்தால் நீங்கிவிடும் என்றேன். ஒரு போகணி தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். போகணியின் அடியில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படிவம் உட்கார்ந்தது. பாடத்தில் சொன்னது கண் முன்னால் நடந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தத் தண்ணீரில் பருப்பைப் போட்டேன். வேகவில்லை. கொதித்தால் போகாத கடினத்தன்மை என்று இன்னொன்றும் அதே பக்கத்தில் இருந்தது. எங்கள் தண்ணீரில் இரண்டும் இருந்தன போலும். அப்போதுதான் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“சரி, காவி எங்கருந்து வருது? அதச் சொல்லு.”

“புதுக் குழாய்ல துரு இருக்கும்மா. அடிச்சு ஊத்திட்டே இருந்தாப் போயிரும்.”

அப்பாவும் நானும் மாறி மாறி அடித்தோம். தண்ணீர் கண்ணாடியாக வந்தது. அதில் ஊறப்போட்ட அரிசியோ முன்பைவிடச் சிவந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவ்வளவு தெளிந்த தண்ணீருக்குள் இவ்வளவு காவி எங்கே ஒளிந்திருக்கும்?

அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் எல்லாக் குடத்தையும் கவிழ்த்து, புளி போட்டுத் தேய்த்து, புதுத் தண்ணீர் பிடிப்பாள். நேற்றுத் தண்ணீரில் உலை வைப்பது எங்கள் பக்கத்தில் சோம்பேறித்தனம். இந்தப் பம்புத் தண்ணீர் மத்தியானத்துக்குள் மஞ்சளாகிவிடும். “கெட்டுப் போச்சு” என்று அம்மா அதை முருங்கைக்கு ஊற்றிவிட்டு, அரிசி ஊறப்போட மறுபடி புதிதாக அடிப்பாள்.

முருங்கைக்கென்று அந்த மஞ்சள் தண்ணீரை ஊற்றி வைத்த மண்பானை ஒன்றை இரண்டு நாளாக யாரும் தொடவில்லை. எட்டிப் பார்த்தேன். அடியில் செம்மண் குழம்பு மாதிரி வண்டல். மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. சிவந்து கெட்டுப்போன தண்ணீர் எப்படித் தெளியும்? மேல்தண்ணீரை மட்டும் துணியில் வடித்து எடுத்தேன். தண்ணீரில் இரும்பு இருந்தால் தேயிலை கறுக்கும் என்று படித்தது நினைவு வந்தது. ஒரு தம்ளர் தேயிலைத் தண்ணீர் அதில் போட்டேன். இன்னொன்று அப்போதுதான் அடித்த தண்ணீரில். புதுத் தண்ணீர் கறுத்துவிட்டது. பழையது தேயிலை நிறத்திலேயே இருந்தது.

அப்பா கறுத்த தம்ளரைத் தூக்கிப் பார்த்தார். “இத எதுக்குட்டி குடிக்க? பேனாவுல ஊத்து.”

அவருக்கு விளக்கத்தான் நினைத்தேன். இரும்பு முதலில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. காற்றுப் பட்டால் துருவாகிக் கீழே இறங்குகிறது. சிவப்பது கெட்டுப்போவதல்ல, பிரிவது. சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகமாக இருந்தது. அப்படியானால் அந்தத் தெளிந்த தண்ணீரில் பருப்பு ஏன் இன்னும் வேகவில்லை? அதையும் சோதித்திருந்தேன். இரும்பு போனாலும் கடினம் போகவில்லை. பருப்புக்குத் தெருக்குழாய்க் குடம் போதும். அரிசிக்குத்தான் நிறையத் தண்ணீர் வேண்டும் என்று ஒருவாறு பிரித்து வைத்துக்கொண்டேன்.

“நேத்துத் தண்ணியில மாவாட்டுதோம்னு தெரிஞ்சா ஒருத்தி வாங்குவாளா?” என்றாள் அம்மா. “வேண்டாம் மக்கா. கொஞ்ச நாள் யாவாரத்த நிறுத்திருவோம். மழை வரட்டும். நீயும் அடுத்த வருசம் சேந்துக்கோ.”

அடுத்த வருஷம் என்பது எங்கள் வீட்டில் எப்போதும் வராத வருஷம். எனக்கு அழுகை வந்தது. கோபம் அதைவிட அதிகமாக வந்தது.

“நிறுத்த முடியாதும்மா,” என்றேன்.

“ஏன் முடியாது?”

அடுக்களையைக் காட்டினேன். நாளைய இட்லிக்கான அரிசி மொத்தத்தையும் மண்பானைத் தண்ணீரில் கழுவி, அதிலேயே ஊறப்போட்டிருந்தேன்.