வாலில் கட்டிய கேமரா

என் நண்பனின் மனைவி கடைக்கு வந்தபோது நான் ஒரு போனின் சார்ஜிங் பின்னைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். ராயபுரத்தில் எனக்கு இருப்பது இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாத செல்போன் ரிப்பேர் கடை. அவள் வெளியே வெயிலிலேயே நின்றாள். நண்பன் இறந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. அன்று கூடிய கும்பலில் அவன் போனும் காணாமல் போய்விட்டது.

"பாப்பா கேக்குதுண்ணா, அப்பா எப்டிப் பேசுவாருன்னு," என்றாள். "அதுக்கு ஒரு வயசு கூட ஆவலியே அப்ப, இன்னா ஞாபகம் இருக்கும்? கண்ணாலம் வீடியோல தேடிப் பாத்தேன். வீடியோக்காரன் பூரா பாட்டு போட்டு வெச்சுகீறான். ஒர்த்தர் கொரலும் கேக்கல. உங்க ஏரோப்ளேன் வீடியோல அவரு பேசிகீறாராண்ணா? பறக்க வுடறதுக்கு முந்தி கேமராகிட்ட பேசுவேன்னு சொல்லுவாரே."

"நெறைய கீதும்மா. ஞாயித்துக்கிழம எடுத்தாந்து தரேன்" என்று வாய் சொல்லிவிட்டது. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது. அவன் பேசியிருந்தது உண்மை. அந்தப் பேச்சையெல்லாம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெட்டிப் போட்டவன் நான்.

வாய் முந்திக்கொள்வது என் பிறவிக் குணம். கோபமும் அப்படித்தான், மூக்குக்கு மேல் வரும். அவனுக்கு அதெல்லாம் கிடையாது. துறைமுகத்தில் கிரேனுக்குக் கீழே நின்று கை காட்டும் வேலை அவனுக்கு. தலைக்கு மேல் பெட்டி தொங்கும், இவன் கையை அசைத்தால் இறங்கும், மடக்கினால் நிற்கும். நிதானம் இல்லாதவன் அந்த வேலையில் ஒரு வாரம் தாங்க மாட்டான்.

"நாள் பூரா அண்ணாந்தே பாத்துகினு கீறேன் மாமு. ஒரு வாட்டியாச்சும் மேலேர்ந்து குனிஞ்சு பாக்கணும்" என்று ஒரு நாள் கடை வாசலில் டீ குடித்துக்கொண்டே சொன்னான். அதற்குத்தான் விமானம்.

முதல் விமானத்தை, காசிமேட்டில் மீன் அனுப்புகிற தெர்மாகோல் பெட்டியை அறுத்துச் செய்தோம். சோப்பு போட்டுத் தேய்த்தும் நாற்றம் போகவில்லை. மேலே ஏறிய உடனே எங்கிருந்தோ பத்திருபது காக்காய் வந்து துரத்த ஆரம்பித்துவிட்டது. ரிமோட்டைப் பிடித்தபடி அவன் சிரித்த சிரிப்பில் விமானம் கருவேல முள்ளில் போய்ச் செருகிக்கொண்டது. அதற்குப் பிறகு டிவி பெட்டிக்குள் வருகிற தெர்மாகோலுக்கு மாறினோம். துறைமுகத்துப் பக்கம் பறக்கவிட முடியாது, போலீஸ் வரும், அவன் வேலைக்கே உலை வைக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணூர் தாண்டி முகத்துவாரத்தை ஒட்டிய வெற்று மணலுக்குப் போவோம். அவன் பின்னால் உட்கார்ந்து இறக்கையை மடியில் வைத்துக்கொள்வான். டிரெய்லர் லாரிகளுக்கு நடுவில் அந்தச் சாலையில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பேஜாரான வேலை என்று.

கேமரா பர்மா பஜாரில் வாங்கியது. கார் சாவி போலவே இருக்கும், யாருக்கும் தெரியாமல் படம் எடுக்கச் செய்த சாமான். நாங்கள் அதன் ஓட்டைக் கழற்றி எறிந்து எடையைக் குறைத்தோம். மோட்டார் அதிர்வில் படம் கஞ்சி போலக் குழையும். அதற்கு ஹவாய் செருப்பின் ரப்பரைத் துண்டு போட்டு அடியில் ஒட்டி, மேலே ரப்பர் பேண்டு போட்டு விமானத்தின் முன்பக்கம் கட்டினோம். திரை கிடையாது, ஒரே ஒரு பட்டன்தான். விளக்கு மூன்று தடவை மினுக்கி அணைந்தால் ரெக்கார்ட் ஆகிறது என்று அர்த்தம்.

அந்தச் சனியனுக்கு ஒரு வியாதி உண்டு. பேட்டரி தீர்ந்தால் தேதி மறந்துவிடும். எல்லா வீடியோவிலும் ஒரே தேதி, ஒரே நேரம். எந்தப் பறப்பு எது என்று தெரியாமல் நான் கத்தியபோது அவன்தான் வழி கண்டுபிடித்தான். பட்டனை அமுக்கியதும் விமானத்தைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வான். இன்ன தேதி, எத்தனாவது பறப்பு, எந்த பேட்டரி, காற்று எங்கிருந்து அடிக்கிறது என்று கேமராவிடம் சொல்வான். அதன் பிறகுதான் நான் கையால் வீசி விடுவேன். நாளடைவில் அதுவே சடங்காகிவிட்டது.

ஆனால் அவன் அத்தோடு நிறுத்துவானா? "காத்து கடல்லேர்ந்து அடிக்குது. காலைல வூட்ல வடகறி. எம் பொண்டாட்டி இன்னிக்கும் திட்னா, ஏரோப்ளேனையே கட்டிகினு அழுன்னு" என்று இழுத்துக்கொண்டே போவான். மகள் பிறந்த பிறகு கேட்கவே வேண்டாம். அவள் குப்புற விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமையின் மூன்றாவது பறப்பில் இருக்கும். பல் முளைத்தது இன்னொன்றில். நான் பக்கத்தில் நின்று "சீக்கிரம்டா, பேட்டரி எறங்குது" என்று பல்லைக் கடிப்பேன்.

வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டு, அந்தப் பேச்சையும் அவன் மூக்கையும் வெட்டிவிட்டு, விமானம் மேலே ஏறுகிற இடத்திலிருந்து வைத்துக்கொள்வேன். நெட்டில் ஏற்றினால் நாலு பேர் பார்ப்பார்கள், சுத்தமாக இருக்க வேண்டாமா என்று நினைப்பு. இடம் போதவில்லை என்று வெட்டாத மூலத்தையெல்லாம் அழித்தேன். கார்டையும் அழித்து அடுத்த வாரத்துக்குத் தயார் பண்ணினேன். என் புத்தியை எதால் அடித்துக்கொள்வது? யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவனை வெட்டினேனோ, அந்த நாலு பேர் கூடப் பார்க்கவில்லை.

அவள் வந்து போன பிறகு மூன்று நாள் மத்தியானமே கடையைச் சாத்திவிட்டுத் தேடினேன். பழைய ஹார்டு டிஸ்க், பழைய பென் டிரைவ், டப்பாவில் கிடந்த மெமரி கார்டு, ஒன்று விடவில்லை. அழிந்ததை மீட்கிற சாஃப்ட்வேரையும் ஓட்டிப் பார்த்தேன். ஊராருக்கெல்லாம் அழிந்த போட்டோவை மீட்டுக் கொடுக்கிறவன் நான். எனக்கு ஒன்றும் திரும்பி வரவில்லை. மேலே மேலே எழுதி அழித்திருந்தேன். கிடைத்ததெல்லாம் கடல், உப்பங்கழி, புகைபோக்கி, வரிசையாக நிற்கும் லாரிகள். எல்லாவற்றிலும் மோட்டார் இரைச்சல். ஒன்றில் மட்டும் வெட்டு ஒரு நொடி முந்தி விழுந்து, "...டு மாமு" என்று ஒரு துணுக்கு மிஞ்சியிருந்தது. 'வுடு மாமு' என்று எப்போதும் சொல்வான். அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். ஒரு குழந்தையிடம் போய் இதுதான் உன் அப்பா என்று அதையா கொடுப்பது? மேஜை மேல் தலையை வைத்து அழுதேன்.

மூன்றாம் நாள், 'வேஸ்ட்' என்று பெயர் போட்டு அழிக்க மறந்திருந்த ஃபோல்டரில் நீளமான ஒரு வீடியோ இருந்தது. பார்த்ததும் எந்த நாள் என்று தெரிந்துவிட்டது.

அன்று கேமராவை வாலில் கட்ட வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். வாலில் இருந்தால் இறக்கையும் படத்தில் தெரியும், அழகாக இருக்கும் என்று ஆசை. "வால் கனமா பூடும் மாமு. மூக்கத் தூக்கிகினு தொப்புனு வுழும்" என்றான் அவன். எனக்குத் தெரியாதா என்று எரிந்து விழுந்தேன். அவன் பேசுவதற்காக விமானத்தைத் தூக்கியபோது, "ஒண்ணும் பேச வேணாம், நேரமாவுது" என்று கையிலிருந்து பிடுங்கி உடனே வீசினேன். அது நேரே மூக்கைத் தூக்கியது, ஒரு கணம் அப்படியே நின்றது, பிறகு வால் பக்கமாகச் சரிந்து சேற்றோரம் விழுந்தது.

அதற்கு மேல் அந்த வீடியோவை நான் பார்த்ததே இல்லை. விழுந்த பிறகு வெறும் வானம்தானே என்று ஒதுக்கியிருந்தேன். விழுந்து மோட்டார் நின்ற பிறகும் அந்தக் கேமராவுக்குக் காது கேட்டிருக்கிறது என்பது, இப்போது கடைசி வரை ஓட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது. வெள்ளை வானம், காற்று, தூரத்தில் ரயில் சத்தம். பிறகு மணலில் இரண்டு பேர் ஓடி வருகிற சத்தம்.

முதலில் என் குரல்தான் வருகிறது. "டேய் கஸ்மாலம், கண்ணு இன்னா பொடனிலயா கீது? ரிமோட்ட கைல வெச்சுகினு இன்னா புடுங்கினு இருந்த?" இன்னும் எழுத முடியாதது நிறைய இருக்கிறது. கேட்கக் கேட்கக் காது கூசுகிறது. நான் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் அவன் பேசுகிறான்.

"சாரி மாமு. என் தப்புதான். நான்தான் சரியா பாக்கல. வுடு, எறக்க ஒடையல பாரு. அடுத்த வாரம் ஒட்டிகலாம். வா, குந்து, தண்ணி குடி."

அதன் பிறகு ஒரு கை படத்தை மறைக்கிறது, வீடியோ முடிந்துவிடுகிறது. முகம் இல்லை. ஆனால் குரல் தெளிவாக இருக்கிறது, பக்கத்தில் நின்று சொல்வது மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூரில் அவள் வீட்டுக்குப் போனேன். குழந்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. கிடைத்தது இது ஒன்றுதான் என்றும், மற்றதையெல்லாம் அழித்தது நான்தான் என்றும் முதலிலேயே சொல்லிவிட்டேன். வீடியோவை ஏற்றியிருந்த என் போனை அவளிடம் நீட்டினேன். போனைக் காதோரம் வைத்துக் கேட்டாள். 'வா, குந்து' என்ற இடத்தில் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். மறுபடியும் கேட்டாள்.

"அதுல தப்பு அவன் மேல இல்லம்மா" என்றேன். "வேணாம் வேணாம்னு சொன்னான். நான்தான் கேக்காம வால்ல கட்னேன்."

"தெரியும்ணா. அன்னிக்கே வந்து சொன்னாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "'அவந்தான் தப்பு பண்ணான், சொன்னா அவன் மூஞ்சி செத்துப் பூடும், அதான் நானே சாரி கேட்டுட்டேன்'னாரு."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "குடும்மா, நான் திட்டுற எடத்தையெல்லாம் வெட்டிட்டு அவன் பேசறத மட்டும் எடுத்தாந்து தரேன். ஒரே நிமிஷ வேலைதான்" என்று கை நீட்டினேன்.

அவள் போனை மார்போடு அணைத்துக்கொண்டாள். "வேணாண்ணா. இனிமே எதையும் வெட்டாத. நீ திட்றத எடுத்துட்டா, அவரு இன்னாத்துக்கு சாரி கேக்கறாருன்னு பாப்பாக்கு எப்டிப் புரியும்?"

வீடியோவை அப்படியே அவள் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். அப்பா குரல் கேட்க வேண்டும் என்று அந்தக் குழந்தை அழும்போதெல்லாம் அவள் அதைப் போட்டுக் காட்டுகிறாளாம். ஒவ்வொரு தடவையும் குழந்தை முதலில் என் திட்டைக் கேட்டு முடித்த பிறகுதான் அவனைக் கேட்கிறது.