அப்பாவின் ஞாயிற்றுக்கிழமை மேசை

என்னுடைய அப்பா இங்கிலாந்தில் வெள்ளைக்காரர் நடுவே உட்கார்ந்து கடலுணவு சாப்பிடுகிறார் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அதைப் பரப்பியவர்கள் இரண்டு பேர். ஒருவர் அப்பாவின் தகப்பன், என் அப்பப்பா. மற்றது நான். தேத்தண்ணிக் கடையில் பரப்புவதை அப்பப்பா பார்த்துக்கொண்டார். பள்ளிக்கூடம் என் பொறுப்பு.

அப்பா போகும்போது எனக்கு மூன்று வயது. அங்கே தெற்குக் கரையில் ஒரு சின்ன ஊரில், கடலைப் பார்த்துப் பெரிய கண்ணாடி யன்னல்கள் வைத்த உணவகம் ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. என்ன வேலை என்று அவர் சொல்லவில்லை. அப்பப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டிலிருந்து தேத்தண்ணிக் கடைக்கு நடந்து போவதற்குள் மகனை மனேச்சர் ஆக்கிவிட்டார். அதன்பிறகு அப்பாவால் இறங்கி வர முடியவில்லை. அம்மாகூட அதைத்தான் நம்பினார். உண்மையில் அப்பா அங்கே மற்றவர்கள் சாப்பிட்ட கோப்பை கழுவினார். இது எங்களுக்குத் தெரியவந்தபோது எனக்கு இருபது வயதாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே இருட்டி விளக்குப் போடும் நேரம், அங்கே மத்தியானச் சாப்பாடு முடிகிற நேரம். அப்போதுதான் அப்பா போனில் முகம் காட்டிக் கதைப்பார். அப்பப்பா தன் கதிரையை இழுத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் வந்துவிடுவார். "இண்டைக்கு என்ன அப்பா?" என்று நான் கேட்பேன். அப்பா போனைத் திருப்பி மேசையைக் காட்டுவார். வெள்ளைத் துணி விரித்த மேசை. அதில் ஒருநாள் நண்டுக் கோது, ஒருநாள் பெரிய மீனின் நடுமுள், ஒருநாள் ஐஸ்கட்டிக்கு மேல் கவிழ்ந்து கிடந்த சிப்பி ஓடுகள். அந்தச் சிப்பியை அங்கே தேசிக்காய் பிழிந்து பச்சையாகவே விழுங்குவார்கள் என்று அப்பா சொன்னபோது அப்பப்பா அந்த நாட்டுக்காகவே இரங்கினார்.

"தூளும் இல்லை, புளியும் இல்லை. பாவங்கள், என்னத்தைச் செய்யிறது."

மேசையில் எப்போதும் சாப்பிட்டு முடிந்த மிச்சம்தான் இருக்கும். அப்பா கெதியாக, ஒரு நொடியில் சாப்பிட்டுவிடுவார் என்று நான் பள்ளிக்கூடத்தில் சொன்னேன். சில நாட்களில் இரண்டு கோப்பைகள் இருக்கும். மூன்று இருந்த அன்று அப்பாவின் பசியை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. அடுத்த நாள் வகுப்பில் மூன்று விரலைத் தூக்கிக் காட்டினேன்.

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை காலையில், முகம் கழுவக் கிணற்றடிக்குப் போன அப்பப்பா அங்கேயே விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முதலே எல்லாம் முடிந்துவிட்டது.

தகப்பனுக்கு மூத்த மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும். ஆனால் அப்பாவின் விசா வழக்கு அங்கே இழுபட்டுக்கொண்டிருந்தது. வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது. ஆகவே சித்தப்பா மொட்டை அடித்து, கொள்ளிக்குடம் தூக்கினார். யாரோ பிடித்த போனில் அப்பா எல்லாவற்றையும் பார்த்தார். அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுததை நான் கண்டேன். சுடலையிலிருந்து வந்து குளித்துவிட்டு, ஈரத்தலையோடு சித்தப்பா போனை வாங்கினார்.

"அண்ணை, நீங்கள் அங்கையிருந்து ஐயாவுக்குச் செய்யக்கூடியது ஒண்டுதான் இருக்கு. முப்பத்தொண்டு முடியுமட்டும் மச்சம் தொடாதேங்கோ."

"தொடமாட்டன் தம்பி. ஐயாவாணைத் தொடமாட்டன்."

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை எங்கள் வீட்டிலும் மீன் இல்லை. துறைமுகத்து ஊரில் இருந்துகொண்டு மீன் இல்லாமல் ஒரு மாதம் என்பது லேசான காரியமில்லை. பக்கத்து வீட்டில் சூடை மீன் பொரிக்கும் வாசம் மதிலைத் தாண்டி நேரே என் கோப்பைக்கு வரும். நான் பருப்பையும் கத்தரிக்காயையும் வெறித்துப் பார்த்துக்கொண்டு இருப்பேன். சித்தப்பா எங்களையும் மிஞ்சி, ஒரு நேரச் சாப்பாட்டோடு இருந்தார். அண்ணன் செய்ய வேண்டியதையும் சேர்த்துத் தான் செய்வதாக அவருக்கு ஓர் எண்ணம்.

அந்த நாட்களில் அப்பா மேசையைக் காட்டவில்லை. தாடி வளர்ந்த முகத்தோடு இரண்டு கதை கதைத்துவிட்டு வைத்துவிடுவார். மூன்று ஞாயிறு இப்படிப் போனது. வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவள், "உன்ரை அப்பாவை வேலையாலை நிப்பாட்டிப்போட்டாங்களாம்" என்று சொல்லிவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. நாலாவது ஞாயிறு அம்மா குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்தார். நான் போனோடு தனியே இருந்தேன். மேசையைக் காட்டாவிட்டால் இனி உங்களோடு கதைக்கவே மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இப்ப ஏலாது குஞ்சு. அப்பப்பாவின்ரை முப்பத்தொண்டு முடியட்டும்."

நான் திரும்பவில்லை. விக்கி விக்கி அழுதேன். பிறகு கதவொன்று திறந்து மூடும் சத்தம் கேட்டது. "இஞ்சை பார்" என்றார்.

பார்த்தேன். வெள்ளைத் துணி, ஒரு கோப்பை, அதில் நடுவால் பிளந்த ஒரு பெரிய சிங்க இறால். அதில் பாதி அப்படியே இருந்தது.

"இது உங்கடையோ அப்பா?"

"ஓம் குஞ்சு, என்ரைதான்."

"நல்ல ருசியோ?"

"நல்ல ருசி."

பின்னால் யாரோ இங்கிலிசில் அதட்டுவது கேட்டது. படம் இருண்டது. அவ்வளவுதான்.

அப்பா செய்தது பிழை என்று எனக்குத் தோன்றவில்லை. செத்த வீட்டுத் துடக்கு கடல் கடந்து அவ்வளவு தூரம் போகாது என்று நானே ஒரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். வேலை போகவில்லை, அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

முப்பத்தோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. கன்னியா வெந்நீரூற்றடியில் கிரியைகளை முடித்துக்கொண்டு எல்லோரும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். விறாந்தையில் வரிசையாகப் பந்தி. அப்பப்பாவோடு துறைமுகத்தில் வேலை செய்தவர்கள், தேத்தண்ணிக் கடைக் கூட்டாளிகள், எல்லோரும் இருந்தார்கள். சாப்பிட்ட இலைகளுக்காக வாசலில் மான்கள் வந்து நின்றன. எங்கள் ஊரில் மான்கள் ஆடுமாடு போலத் தெருவில்தான் திரியும்.

அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. காலையில் கிரியையின்போது போனில் தெரிந்த அப்பாவின் முகம் அவரைக் கலக்கிவிட்டிருந்தது. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், வேறு யாரோ போல இருந்தார். "என்ன கோலமாப் போனார் மனுசன். ஒண்டும் சாப்பிடாமல் கொள்ளாமல் கிடக்கிறார் போலை" என்று சொல்லி அம்மா அழத் தொடங்கினார். அப்பாவின் தங்கை, என் மாமி, அவரின் முதுகைத் தடவிக்கொண்டு, "அண்ணை ஐயாவுக்காகக் கிடந்து காயிறார்" என்றார்.

அம்மா அழுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவரைத் தேற்ற என்னிடம் நல்ல செய்தி ஒன்று இருந்தது. எல்லோருக்கும் கேட்கட்டும் என்று நன்றாகச் சத்தமாகவே சொன்னேன்.

"அழாதேங்கோ அம்மா. அப்பா போன ஞாயிறும் சிங்க இறால் சாப்பிட்டவர். இவ்வளவு பெரிசு. நான் கண்டனான்."

பந்தியில் ஒரு கையும் அசையவில்லை. சித்தப்பா எழுந்தார். கைகூடக் கழுவாமல், இடக்கையால் போனை எடுத்து அப்பாவுக்கு அடித்தார். எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

"அண்ணை, போன ஞாயிறு மச்சம் சாப்பிட்டனீங்களோ?"

சித்தப்பா போனை வாயருகே கொண்டுபோனார்.

"பிள்ளை கண்டதாம். பிழையாக் கண்டிருக்கும் எண்டு சொல்லுங்கோ, நான் நம்புறன்." சித்தப்பாவின் குரல் கெஞ்சுவது போல இருந்தது. "இல்லாட்டி அது ஆரின்ரை கோப்பை? அதைச் சொல்லுங்கோ."

இன்று அந்த நேரத்தை நினைத்துப் பார்க்கிறேன். அது ஆருடைய கோப்பை என்று சொல்ல அப்பாவுக்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் அதைச் சொன்னால் தான் அங்கே யார் என்பதையும் சொல்ல வேண்டும். மகன் மனேச்சர், மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் என்று அப்பப்பா யார் யாருக்கெல்லாம் சொன்னாரோ, அவர்கள் அத்தனை பேரும் அந்த விறாந்தையில், அப்பப்பாவின் பேரில் போட்ட சோற்றின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். காலையில் கிரியை பார்த்தபோது அப்பாவும் அவர்களைக் கண்டிருப்பார்.

"என்ரைதான்" என்றார் அப்பா. "பசியிலை சாப்பிட்டுப்போட்டன்."

"அப்ப ஐயாவுக்கு நான் ஒருத்தன்தான் பிள்ளை" என்றார் சித்தப்பா. போனை அம்மாவின் இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். அதன்பிறகு இன்றுவரை அவர் அப்பாவோடு கதைக்கவில்லை. அடுத்த வருடத் திவசத்தில் அப்பாவின் பேரையே சொல்லவில்லை.

பதினொரு வருடம் கழித்து, அப்பாவோடு ஒரே அறையில் இருந்த உப்புவெளிக்காரர் ஒருவர் தன் தங்கையின் கலியாணத்துக்கு ஊருக்கு வந்தார். அப்பா தந்துவிட்ட சொக்கலேற் பையோடு எங்கள் வீட்டுக்கும் வந்தார். எங்களுக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணத்தில், தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே அப்பாவைப் புகழத் தொடங்கினார்.

"அண்ணனைப் போலை ஒருத்தர் விரதம் காத்ததை நான் காணேல்லை. தகப்பன் செத்த மாசம் உருளைக்கிழங்குப் பொரியல்கூடத் தொடேல்லை. மீன் பொரிச்ச எண்ணெயிலை பொரிச்சதாம். முப்பத்தொரு நாளும் வெறும் பாண் துண்டும் வாழைப்பழமும்தான். கோப்பை கழுவுற இடத்திலை ஒருக்காத் தலைசுத்தி விழுந்தும் போனார்."

அம்மா அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். வந்தவர் அதைக் கவனிக்காமல், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் எழும்பிப் போன மேசையைத் துடைக்க முதல், பிள்ளைக்குக் காட்ட வேண்டும் என்று அப்பா போனைத் தூக்கிக்கொண்டு ஓடுவதையும், அதற்கு முதலாளியிடம் ஏச்சு வாங்குவதையும் சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

அவர் போனதும் அம்மா அப்பாவுக்கு அடித்தார். சித்தப்பாவிடம் இப்போதே போய் எல்லாவற்றையும் சொல்லப் போவதாகச் சொல்லிக் கத்தினார், அழுதார். சொல்லமாட்டோம் என்று எங்கள் இருவரிடமும் வாக்கு வாங்கும்வரை அப்பா ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"வேண்டாம். ஐயா ஊரெல்லாம் சொல்லிப்போட்டுப் போயிட்டார். செத்த மனுசனைப் பொய்யனாக்க ஏலாது."

சித்தப்பாவின் வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. நான் போனால் கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணி தருவார். படிப்பைக் கேட்பார், அம்மாவின் சுகத்தைக் கேட்பார். அப்பாவைப் பற்றிக் கேட்கமாட்டார். ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டைவரை வரும். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வரும். தேத்தண்ணியோடு விழுங்கிக்கொண்டு வந்துவிடுவேன். நான் ஒருத்தி வாய் திறந்ததால் இரண்டு சகோதரர்கள் பிரிந்தார்கள். இப்போது வாய் திறக்காமல் இருப்பதால் அப்படியே இருக்கிறார்கள்.

அந்த முப்பத்தோராம் நாள் இருட்டும் நேரம், வழக்கம் போல அப்பா அடித்தார். அம்மா எடுக்கவில்லை. போனை என்னிடம் தள்ளிவிட்டுக் குசினிக்குள் போனார். மத்தியானத்திலிருந்து வீட்டில் யாரும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. என்ன குற்றம் செய்தேன் என்று தெரியாமலே பயந்துபோய் இருந்தேன்.

"அப்பா, என்னோடை கோவமோ?"

"ஏன் குஞ்சு? நீ கண்டதைத்தானே சொன்னனீ. உண்மை சொன்ன பிள்ளையோடை ஆரும் கோவிப்பினமோ?"

அவருடைய கண்கள் சிவந்திருந்தன. தடிமனும் தும்மலும் என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. விரதம்தான் முடிந்துவிட்டதே, இன்றைக்கு என்ன சாப்பாடு என்று கேட்டேன். அப்பா கொஞ்சம் தயங்கிவிட்டு எழுந்து நடந்தார். போனைத் திருப்பினார். மேசையில் ஒரு பெரிய மீனின் தலையும் முள்ளும் கிடந்தன.

"முழுக்கச் சாப்பிட்டிட்டீங்களோ?"

"ஓம் குஞ்சு. வயிறு நிறைஞ்சுபோச்சு."

நான் குசினிக்கு ஓடினேன். அடுப்புக்கு முன்னால் நின்ற அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து, அப்பா வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டார், இனி நீங்கள் அழ வேண்டாம் என்று சொன்னேன்.