படத்தில் வராத மாதப்பன்

தர்மபுரியில் நாங்கள் நடத்திய உலகத் திரைப்பட விழாவுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கல்யாண மண்டபத்து ஏசிக்காக வந்தவர்கள். அதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய். ஈரான் படம் ஓடும்போது முன்வரிசையில் குறட்டை விட்டவரை எழுப்பி வெளியே அனுப்பியவன் நான்தான்.

இரண்டாம் நாள் காலையில் ஒகேனக்கல் பஸ்ஸில் வந்து இறங்கிய கோகிலவாணி அப்படியில்லை. "எங்க வூட்டுக்காரர ஒருக்கா பாக்கணுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார். அருவிக்குப் போகும் வழியில் மீன் வறுத்து விற்கிறவர். கணவர் மாதப்பன் பரிசல் ஓட்டியவர். போன ஆடியில் நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். அதற்குச் சில மாதம் முன்பு எங்கள் ஊர் முதசிர், காவிரியைப் பற்றிய தன் சிறு படத்துக்காக மூன்று நாள் அவரைப் பரிசல் ஓட்டவைத்துப் படம் பிடித்திருந்தான். வீட்டில் மாதப்பனுக்கு இருப்பது ஆதார் அட்டைப் படம் ஒன்றுதான். அதில் அவரை அவருக்கே அடையாளம் தெரியாது.

படத்தில் மாதப்பன் வந்தார். முதுகைக் காட்டித் துடுப்புப் போட்டார், பாறைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். ஒரு நிமிஷம்கூட இருக்காது. மீதியெல்லாம் தண்ணீர், மேகம், கொக்கு.

முடிந்ததும் இயக்குநரிடம் கேள்வி கேட்கும் நேரம். இரண்டு பேர் ஒளியைப் பற்றிக் கேட்டார்கள். மூன்றாவதாகக் கோகிலவாணி எழுந்தார்.

"தம்பி, மூணு நாளு புடிச்சீங்களே, மீதி எங்க?"

"எடிட்டிங்ல வெட்டிட்டோம்க்கா."

"வெட்டுனத எங்க கொட்டுனீங்க?"

மண்டபமே சிரித்தது. எனக்குச் சிரித்தவர்கள்மேல் கோபம்தான் வந்தது. அவர் தினமும் மீன் வெட்டுகிறவர். தலை குழம்புக்குப் போகும், குடலும் செவுளும் குழிக்குப் போகும். எதை எங்கே போட்டோம் என்று அவருக்குத் தெரியும். முதசிருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தார்.

"கொட்டலைன்னா குடுங்க. மூஞ்சி தெரியுற எடம் இருந்தா போதும்" என்றார்.

முதசிர் மைக்கை வைத்துவிட்டு இறங்கி வந்தான். எடுத்ததெல்லாம் அவனிடம் பத்திரமாக இருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் பந்தி மேசைமேல் லேப்டாப்பைத் திறந்துவைத்தான். மாதப்பன் நேராக எங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கேமராவுக்குப் பின்னாலிருந்து முதசிரின் குரல்: "மூணு நாளா எங்ககூடவே இருக்கீங்க, வூட்டுல ஒண்ணும் சொல்லலீங்களா?"

மாதப்பன் சிரித்தார். முன்பல் ஒன்று இல்லை. "சொல்லாமயா? பொழப்பக் கெடுத்துக்கிட்டு என்ன சினிமான்னு காலையிலகூடத் திட்டுனா. இன்னைக்கு உனக்குச் சோறு கெடையாதுன்னுட்டா. அதெல்லாம் போட்டுருவா. போனா தட்டுல இருக்கும்."

கோகிலவாணி அதைத் திரும்பப் போடச் சொன்னார். மூன்றாவது தடவைக்குப் பிறகு அவர் கேட்காமலே முதசிர் போட்டான்.

"திட்டுனது நெசந்தான் தம்பி" என்றார், கண்ணை எடுக்காமல். "அன்னைக்குச் சோறு போட்டனா இல்லையான்னுதான் நெனப்பு வரமாட்டேங்குது."