ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்

ரவுட்டர்ல சொருகின ஹார்ட் டிஸ்க்குக்கு இன்னிக்கு பாப்பா போட்டோவையெல்லாம் காப்பி போட்டேன். போற வேகத்துக்கு, முடியறதுக்குள்ள பாப்பாவுக்கே கல்யாணம் ஆயிடும்.

கேபிள் மாத்தியும் அதே கதைதான். ரவுட்டர் கம்பெனி கஸ்டமர் கேருக்கு போன் போட்டேன்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்."

"பண்ணிட்டேன்மா."

"இன்னொரு தடவை பண்ணுங்க சார்."

"அப்பவும் ஸ்லோவா இருந்தா?"

"டிஸ்க் பழசா இருக்கும் சார்."

"போன வாரம்தான் வாங்கினேன்."

"அப்போ ரவுட்டர் பழசு சார்."

எந்த மடையன்மா உனக்கு இந்தப் பதிலையெல்லாம் எழுதிக் குடுத்தான்னு கேக்க வாயைத் திறந்தவன், அப்படியே மூடிக்கிட்டேன். பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில உக்காந்து அவங்களுக்கு எழுதிக் குடுக்கிறதே நான்தான்.

போனை வெச்சதும் ரேட்டிங் கேட்டு மெசேஜ் வந்துச்சு, அஞ்சு ஸ்டார் போட்டுட்டேன்.

ரீஸ்டார்ட் தவிர வேற வழி தெரிஞ்சவங்க கமெண்ட்ல சொல்லுங்க. ஆபீஸுக்கும் தேவைப்படுது.